வாழாவெட்டி என்ற சொல்லும் 1946-ஆம் வருடச் சட்டமும்

அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில், தக்காளி மண்டியில், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் "புருசன் இருக்காரு, நான் எங்க ஆத்தா வீட்டோட இருக்கேன்" என்று சொல்லும் பெண்கள் உண்டு. அத்துவிடவும் இல்லை, கோர்ட்டுக்குப் போகவும் இல்லை. ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் வாழாவெட்டி. புகுந்த வீட்டில் இருப்பதற்குத்தான் நம் பேச்சில் 'வாழ்வது' என்று பெயர். 'வாழப் போனாள்', 'வாழாமல் வந்துவிட்டாள்' என்கிறோம். திரும்பி வந்தவள் ஆடு மேய்த்து, மில்லுக்குப் போய், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாலும் அது வாழ்க்கைக் கணக்கில் வராது. மனைவியை விட்டு வந்த ஆணுக்கு இப்படி ஒரு சொல் கிடையாது.

சட்டமும் வெகுகாலம் இதே அகராதியைத்தான் வைத்திருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் கோர்ட்டுகள் கடைப்பிடித்த இந்துச் சட்டப்படி மனைவியின் இடம் கணவன் வீடு. அவன் இன்னொருத்தியைக் கட்டினாலும் அதுவே அவள் வெளியேறிப் படி கேட்கப் போதுமான காரணம் ஆகாது. வர மறுத்தால் கணவன் வழக்குப் போடலாம். பம்பாயில் ருக்மாபாய் அப்படி இழுக்கப்பட்டார். பதினோரு வயதில் கட்டிவைக்கப்பட்டவர். கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887-இல் கோர்ட் சொன்னபோது, சிறைக்கே போகிறேன் என்றார். மறுவருடம் பணம் கொடுத்து வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அவர் மருத்துவம் படிக்கப் போனார். சேர்ந்து வாழ மறுத்தால் சிறை என்ற விதி 1923-இல்தான் போயிற்று.

ஏழைப் பெண்ணுக்கு இருந்தது மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டும். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவில் மாதம் 50 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. 1923-இல் அது 100 ஆயிற்று. அதிலும் ஒரு பொறி இருந்தது. "வீட்டுக்கு வரட்டும், வைத்துக் காப்பாற்றுகிறேன்" என்று கணவன் சொல்லிவிட்டால், ஏன் போகவில்லை என்று அவள்தான் நிரூபிக்க வேண்டும். அவன் இன்னொருத்தியைக் கட்டியிருப்பதோ, வைத்திருப்பதோ போக மறுக்க நியாயமான காரணம் என்று எழுதப்பட்டது 1949-இல்.

அத்துவிட்டு மறுதாலி கட்டும் வழக்கமுள்ள சாதிகளில் பெண்களுக்கு வேறொரு கதவு இருந்தது. 'அறுத்துக் கட்டுகிற சாதி' என்று மேலே இருப்பவர்கள் ஏளனமாகச் சொன்னார்களே, அந்த ஏளனத்துக்குரிய வழக்கம்தான் பெண்ணுக்கு வசதியாக இருந்தது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் அதை ஒழிக்கவில்லை. 29-ஆவது பிரிவில் காப்பாற்றி வைத்தது. 'கௌரவமான' சாதிப் பெண்ணுக்குத்தான் எந்தக் கதவும் இல்லை.

அவளுக்காக வந்தது 1946-ஆம் வருடச் சட்டம்: இந்து மணமான பெண்களின் தனி வசிப்பிட, ஜீவனாம்ச உரிமைச் சட்டம். விவாகரத்து நாடு முழுவதற்கும் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே, கணவன் கொடுமை செய்தால், கைவிட்டால், மறுபடி மணந்தால், வைப்பாட்டியை வீட்டில் வைத்தால், மதம் மாறினால் மனைவி தனியே இருந்துகொண்டே படி கேட்கலாம் என்றது. தாலி அப்படியே இருக்கும், வீடு மட்டும் வேறு. இதன் சாரம்தான் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவாக இன்றும் இருக்கிறது. அவள் 'கற்பு' தவறினால் அந்த உரிமை போகும் என்ற நிபந்தனையும் கூடவே வந்து, இன்றும் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமுறைப் பிரிவினை என்று இன்னொன்றையும் கொடுத்தது. கோர்ட் ஆணை கிடைத்தால் சேர்ந்து வாழும் கடமை இல்லை, ஆனால் திருமணம் இருக்கிறது. நம்மில் பலர் இதை விவாகரத்தின் தயக்கமான தங்கை என்று நினைக்கிறோம். 1976 வரை அடி வாங்கிய இந்துப் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் கிடைத்ததே இதுதான். கொடுமை விவாகரத்துக்கான காரணமாக அதுவரை இல்லை. கிறிஸ்தவப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். 1869-இன் சட்டப்படி கொடுமை மட்டும் என்றால் பிரிவினைதான், விவாகரத்து இல்லை. அது மாற 2001 ஆயிற்று.

இரண்டில் எதைக் கேட்பது என்பது சின்ன விஷயமில்லை. நீதிமுறைப் பிரிவினைக்குப் பின் ஒரு வருடம் சேராமல் இருந்தால் கணவனும் அதை வைத்து விவாகரத்து கேட்கலாம். 18-ஆவது பிரிவு வழக்கில் அந்த ஏணி இல்லை. கணவனின் சொத்தில் வாரிசாக, அரசு வேலையில் இருந்தவரின் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராக இருக்க விரும்பும் பெண்ணுக்கு இது முக்கியம். 'மானத்துக்குப் பயந்து விவாகரத்து வாங்காதவள்' என்று அவளைப் பற்றிப் படித்தவர்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

இனிப் பஞ்சாயத்துச் சீட்டு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் 'இருவரும் மனமொத்துப் பிரிந்து இருக்கிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்த 'மனமொத்து' என்ற ஒரு சொல் அவள் சோற்றில் கை வைக்கும். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆவது பிரிவிலும், இப்போது அதன் இடத்தில் இருக்கும் 144-ஆவது பிரிவிலும், பரஸ்பர சம்மதத்தில் பிரிந்திருக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தே வாங்கியவருக்கோ உண்டு. 1995-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பாத்தியம் இல்லை என்று எழுதியது செல்லாது என உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, ஆனால் அதைச் சொல்லவைக்க ஒரு வழக்கு நடத்த வேண்டும். அடிக்குப் பயந்து வந்தவள் 'அடி தாங்காமல் வந்தேன்' என்றே எழுதச் சொல்ல வேண்டும். சமாதானத்துக்காக மனமொத்து ஆக்கிக்கொள்ளக் கூடாது.

கணவன் கையில் 9-ஆவது பிரிவு இன்னும் இருக்கிறது. மனைவி ஜீவனாம்சம் கேட்டதும், சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி அவன் மனுப்போடுவது பழைய தந்திரம். நடிகை சரிதாவின் வழக்கில் ஆந்திர உயர் நீதிமன்றம் 1983-இல் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. பெண்ணின் உடல்மேல் அரசு உத்தரவு போட முடியாது என்பது அதன் சாரம். அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை மறுத்துவிட்டது. அப்படி உத்தரவு வாங்கிய கணவனிடம் போகாத மனைவிக்கும் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அதே 1983-இல் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. கணவன் மனைவியை வல்லுறவு செய்வதை நம் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் கோர்ட் ஆணையாலோ வழக்கத்தாலோ பிரிந்திருப்பவளை அவள் சம்மதமின்றித் தொட்டால் குற்றம் என்று அந்த வருடம் சேர்த்தார்கள். 2013-இல் ஆணை இல்லாமல் பிரிந்திருந்தாலும் குற்றம் என்று விரித்தார்கள், தண்டனை இரண்டு முதல் ஏழு வருடம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 67-ஆவது பிரிவு. ஆத்தா வீட்டுத் திண்ணையில் இருப்பவளின் 'வேண்டாம்' செல்லும். அவன் வீட்டுக்குள் அதே வாய் சொன்னால் செல்லாது.

1986-இல் தமிழக அரசு கைவிடப்பட்ட பெண்களுக்கு மாத உதவித்தொகை தொடங்கியது. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், கணவன் கைவிட்டு ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ கோர்ட்டின் பிரிவினை ஆணையோ கையில் இருப்பவருக்கு அந்த ஐந்து வருடக் கணக்கு வேண்டியதில்லை.