வீட்டறையில் ஓடிய புகையிரதம்

இருப்புப்பாதை எப்பொழுது தோன்றியதோ, ஏறக்குறைய அப்பொழுதே அதன் சிற்றுருவமும் தோன்றிவிட்டது எனலாம். பெரியவர்கள் நீராவி வண்டியைக் கண்டு அஞ்சியும் வியந்தும் நின்ற காலத்திலேயே, அவர்தம் பிள்ளைகள் தகரத்தாற் செய்த வண்டியைக் கயிறு கட்டித் தரையில் இழுத்துத் திரிந்தனர். ஆயினும் அது விளையாட்டு வண்டியாகவே இருந்தது. அதற்குப் பாதை இல்லை. அது புறப்படும் ஊருமில்லை, போய்ச் சேரும் ஊருமில்லை. வண்டியைக் கடையில் வாங்கிவிடலாம். அது கடந்து செல்லும் ஊரையும், ஊருக்குப் பின்னே எழும் குன்றையும், குன்றைக் குடையும் சுரங்கத்தையும் ஒருவர் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ளவேண்டும். அந்த ஆக்கவேலை எவ்வாறு வீடுகளிற் புகுந்தது, புகுந்தபின் எதைக் காத்தது, எதை இழந்தது என்பதே இங்குக் கூறப்படும் வரலாறு.

ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள கெப்பிங்கன் நகரில், 1859ஆம் ஆண்டில், மேர்க்ளின் என்னும் தகரவேலைக்காரர் பொம்மை வீடுகளுக்கு வேண்டிய சின்னஞ்சிறு சமையற் பாத்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் 1866இல் இறந்தபின், அவருடைய மனைவி கரோலின் அத்தொழிலைக் கைவிடாது நடத்தினார். பிள்ளைகள் தலையெடுத்த பின்னர், 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரத்து வசந்தகாலச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் வண்டியொன்றை அந்நிறுவனம் 8 என்ற இலக்கத்தின் வடிவில் அமைந்த தண்டவாளத்தின்மேல் ஓடவிட்டுக் காட்டியது. சந்தைக்கு வந்தோர் வண்டியைக் கண்டு மகிழ்ந்திருக்கலாம். உண்மையிற் புதுமை தண்டவாளத்திலேயே இருந்தது. அது துண்டு துண்டாக, ஒன்றோடொன்று பொருந்துமாறு, குறித்த அகலத்திற் செய்யப்பட்டிருந்தது. இவ்வாண்டு வாங்கிய துண்டோடு அடுத்த ஆண்டு வாங்கும் துண்டும் இணையும். வீட்டில் ஒரு பாதை வளரலாம் என்னும் எண்ணத்துக்கு அங்கேதான் வித்து இடப்பட்டது.

அவ்வித்து இங்கிலாந்திலும் முளைத்தது. நோர்தாம்ரன் நகரத்து பாசெற்-லோக் என்பவர் 1900ஆம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சிக்குச் சென்று, நூரம்பேர்க்கு நகரத்துப் பொம்மை வணிகர் பிங் என்பவரின் வேலைப்பாட்டைக் கண்டார். ஜேர்மானியத் தொழிலாளரின் கைத்திறனும், ஹென்றி கிறீன்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் வரைபடங்களும் ஒன்றுசேர, இங்கிலாந்துத் தண்டவாளங்களில் உண்மையாக ஓடிய இயந்திரங்களின் சாயலிலேயே சிறு இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. இலண்டனில் 1910இல் இத்துறை ஆர்வலருக்கென ஒரு கழகமும் தோன்றிற்று. ஆனால் அக்காலத்துச் சிற்றுருவங்கள் அத்துணைச் சிறியனவல்ல. இரு தண்டவாளங்களுக்கிடையே 45 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் அகலம் கொண்ட பாதைக்குத் தோட்டமோ பெரிய மண்டபமோ தேவைப்பட்டது. தோட்டமும் மண்டபமும் உடையவர் எத்தனை பேர்? ஆகவே முதலாம் உலகப்போர் வரை இப்பொழுதுபோக்கு பெரும்பாலும் செல்வர் வீட்டு வாயிலைக் கடந்து அப்பாற் செல்லவில்லை.

போரின்பின் வீடுகள் சுருங்கின, பணியாட்கள் குறைந்தனர், சாப்பாட்டு மேசையே குடும்பத்தின் நடுவிடமாயிற்று. அந்த மேசையை நோக்கியே 1922ஆம் ஆண்டில் பிங் நிறுவனம் ஒரு சிறு புகையிரதத்தைச் செய்தது. வழக்கிலிருந்த 32 மில்லிமீற்றர் பாதையிற் பாதியாக, 16 மில்லிமீற்றர் அகலத்தில் அது ஓடியது. மேசைப் புகையிரதம் என்றே அதற்குப் பெயர். 1935இல் ஜேர்மனியில் ட்ரிக்ஸ், மேர்க்ளின் ஆகிய இரு நிறுவனங்களும் இவ்வளவிலேயே மின்சார வண்டிகளை வெளியிட்டன. யூதக் குடும்பத்தவரான ஸ்டீபன் பிங், நாசிகளின் ஆட்சியிலே தொழிலை இழந்து இங்கிலாந்துக்குப் பெயர்ந்தமை இவ்வரலாற்றின் துயரமான ஓர் இடைச்செய்தி. 1938இல் லிவர்பூல் நகரிலிருந்து ஹோண்பி டப்ளோ வண்டிகள் வந்தன. மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டுபிடித்த பிராங்க் ஹோண்பி அதனைப் பார்க்க இருக்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

இச்சிறிய அளவின் பிறப்பிலேயே ஒரு குறையும் கூடப் பிறந்தது. இங்கிலாந்தின் பாலங்களும் சுரங்கங்களும் ஒடுக்கமானவை. ஆதலால் அந்நாட்டு இயந்திரங்களின் உடலும் ஐரோப்பாக் கண்டத்து இயந்திரங்களைவிடச் சிறியது. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்னும் கணக்கிற் குறுக்கினால், அன்று கிடைத்த மின்மோட்டார் அவ்வுடலுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீற்றராகப் பெருப்பித்து, தண்டவாளத்தைப் பழையபடி பதினாறரை மில்லிமீற்றரிலேயே விட்டுவிட்டனர். கணக்குப்படி அப்பாதை ஏறக்குறைய 18.8 மில்லிமீற்றர் அகலமாக இருத்தல்வேண்டும். முன்னிருந்து நோக்கினால், அகன்ற உடலைக் குறுகிய கால்கள் தாங்குவதுபோல வண்டி தோன்றும். சாதாரணமானவர் கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. ஆனால் புலப்பட்டவருக்கு அது பல்லிடுக்கில் அகப்பட்ட நாரைப்போல உறுத்திக்கொண்டேயிருக்கும். இந்த இரண்டேகால் மில்லிமீற்றரைப் பற்றி இங்கிலாந்தில் நிகழ்ந்த வாதங்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஓயவில்லை.

இடம் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. நான்கு மில்லிமீற்றர்க் கணக்கில் ஒரு மைல் தூரம் 69 அடியாகிறது. எந்த வீட்டறையில் 69 அடி உண்டு? உண்மையான வளைவுகளைக் கணக்குப்படி குறுக்கினாலும் ஓர் அறைக்குள் வண்டி திரும்பவே முடியாது. ஆகவே வீட்டில் இருப்புப்பாதை அமைப்பவர் எவரும், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முதலில் முடிவு செய்தல்வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி நாடக அரங்கின் வழியை ஒத்தது. ஒரு சிற்றூர் நிலையத்தை மட்டும் மேசைமீது அமைப்பர். வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட்டுப் பாலத்தின்கீழ்ப் புகுந்து மறையும். திரைக்குப் பின்னால், காண்போர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், பல தடங்கள் வரிசையாகக் கிடக்கும். உலகின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்தத் தடங்களே. அங்கே கையால் வண்டிகளை மாற்றிக் கோத்து, உரிய நேரத்தில் மீண்டும் அரங்குக்கு அனுப்புவர்.

இவ்வளவும் தண்டவாளத்தைப் பற்றியது. நிலத்தைப் பற்றி முதலிற் கருத்தூன்றியவர்களுள் ஜோன் ஏஹர்ன் என்பவரைச் சிறப்பாகக் கூறல்வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குச் சற்று முன்னர், தமது இலண்டன் இல்லத்தில், மாடர் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை என்னும் கற்பனைப் பாதையொன்றை அவர் தொடங்கினார். அதுவரை பலர் முதலில் தண்டவாளத்தைப் பரப்பி, எஞ்சிய இடத்தில் இரண்டொரு மரங்களையும் ஒரு தகர நிலையத்தையும் வைத்து நிறைவடைந்தனர். ஏஹர்ன் அம்முறையைத் தலைகீழாக்கினார். அவருடைய பள்ளத்தாக்கிலே ஆறும் துறைமுகமும் ஒடுங்கிய தெருக்களும் சாய்ந்த கூரைகளும் முதலிடம் பெற்றன. புகையிரதம் அவற்றினூடே, வழி கேட்டு வந்த விருந்தாளிபோல, மெல்ல வளைந்து சென்றது. கட்டடங்கள் பெரும்பாலும் அட்டையால் ஆனவை. போர் வந்து பொம்மைத் தொழிற்சாலைகள் போர்க்கருவி செய்யப் புகுந்தபொழுது, கடையில் வாங்கப் பொருளில்லை. அட்டையும் பசையும் கூரிய கத்தியும் கொண்டு தாமே செய்துகொள்ளலாம் என்று எழுதிக்காட்டிய ஏஹர்னின் கட்டுரைகளும் நூல்களும் அக்காலத்தவர்க்குப் பெருந்துணையாயின.

போரின்பின் இவ்வேலை பரவலாயிற்று. மரச்சட்டத்தின்மேல் பலகை, பலகைமேல் பாதை, கம்பி வலையை வளைத்து, அதன்மேல் சாந்தில் தோய்த்த காகிதத்தைப் பரப்பினால் குன்று, சாயமிட்ட மரத்தூள் புல், உலர்ந்த பாசி மரத்தின் இலைக்கொத்து. மின்சாரத்தை நடுவே ஓடும் மூன்றாம் தண்டவாளத்தால் கொண்டுசெல்வதா, இரு தண்டவாளங்களையே ஒன்றிலிருந்தொன்று மின்தொடர்பறுத்து அவற்றினாலேயே கொண்டுசெல்வதா என்ற போட்டியில், இரண்டாவதே இறுதியில் மேலோங்கியது. உண்மைப் பாதையில் இல்லாத மூன்றாம் தண்டவாளம் கண்ணுக்கு இடைஞ்சலாக இருந்ததே இதற்கு முதற் காரணம்.

பீற்றர் டெனி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு இத்தலைமுறையைச் சேர்ந்தவர். 1917இல் பிறந்து 2009இல் மறைந்த அவர், பக்கிங்ஹாம் என்னும் ஊருக்குச் செல்லும் கிளைப்பாதை ஒன்றை 1940களின் பிற்பகுதி தொட்டுப் பல்லாண்டுகளாக வளர்த்துவந்தார். பக்கிங்ஹாம் உண்மையான ஊர். ஆனால் டெனி அமைத்த கம்பனியின் பாதை அங்கு என்றுமே சென்றதில்லை. பாதையின் அகலத்தை 18 மில்லிமீற்றராக்கி, மேலே கூறிய அந்த உறுத்தலைப் பெரும்பாலும் அவர் தீர்த்துக்கொண்டார். அவருடைய வீட்டிலே புகையிரதங்கள் கால அட்டவணைப்படியே ஓடின. ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்கு மணியடித்து, வண்டி வரலாமா என்று கேட்டு, ஆம் என மறுமணி வந்த பின்னரே சைகைக் கம்பம் இறங்கும். அடுத்த நிலையத்தின் மணியைக் கவனித்தவர் அவருடைய மகன் கிறிஸ்பின். பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுச் செல்லவேண்டிய காலம் வந்தது. தந்தை வாளாவிருக்கவில்லை, மணிக்கு மறுமணி கொடுத்து, உரிய வரிசையில் வண்டிகளை ஏற்றும் அனுப்பியும் வரும் ஒரு பொறியைத் தாமே செய்து, அதற்குத் “தானியங்கிக் கிறிஸ்பின்” என்று பெயரிட்டார். அப்பெயரில் நகைச்சுவை உண்டு. நகைச்சுவை மட்டுமே உண்டென்று சொல்வதற்கில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே இக்கலையின் உச்சியைத் தொட்டவர் ஜோன் அலன். புகைப்படத் தொழிலரான இவர், கலிபோர்னியா மாநிலத்து மோன்ரெறே நகரில், தம் வீட்டின் நிலக்கீழ் அறையில், 1950களில் தொடங்கி மலைத்தொடர் ஒன்றை எழுப்பினார். எழுப்பினார் என்பதே சரியான சொல். அம்மலைகள் தரையிலிருந்து கூரை வரை உயர்ந்து நின்றன. கண்ணாடிகளை மறைவாக வைத்து ஒரு தெருவை இரு தெருவாகவும், சிறு பள்ளத்தாக்கை நெடும் பள்ளத்தாக்காகவும் காட்டினார். பளபளக்கும் புதிய வண்டியைத் துருவும் கரியும் படிந்ததாகத் தீட்டிப் பழமையாக்கும் முறையைப் பலரும் இவரிடமே கற்றனர். இத்தனை உண்மைத் தோற்றத்துக்கும் நடுவே, புராதன விலங்கொன்றைத் தண்டவாளத்தில் ஏற்றி, எமா என்று பெயரிட்டு, பெட்டிகளை இழுக்கவும் விட்டார். மேதையருக்கும் குறும்பு உண்டு.

இதயநோயுடன் வாழ்ந்த அலன் 1973ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காலமானார். ஈமக்கடன் முடிந்து இரு வாரம் நிறையுமுன்னே அவ்வீட்டிலே தீப்பற்றியது. கால் நூற்றாண்டின் உழைப்பிற் பெரும்பகுதி ஒரே நாளிற் சாம்பலாயிற்று. அவர் எடுத்த புகைப்படங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தமையால், அந்த மலைகளை இன்றும் தாளிற் காணலாம், வேறெங்கும் காணமுடியாது.

வீட்டிலே பிறந்த இருப்புப்பாதை பெரும்பாலும் வீட்டோடும் ஆளோடும் முடிந்துவிடுகிறது. அதனை வேறிடத்துக்குப் பெயர்ப்பது எளிதன்று. பலகை சுவரோடு ஆணியடிக்கப்பட்டிருக்கும். கம்பிகள் எங்கே செல்கின்றன என்பதை அறிந்தவர் ஒருவரே, அவரும் இல்லை. இந்த விதியைத் தப்பியவற்றுள் ரோய் இங்கிலன்ட் என்பவரின் வேலை தனியே நின்று பேசுதற்குரியது.

ரோய் இங்கிலன்ட் அவுஸ்திரேலியர், 1906இற் பிறந்தவர். புகையிரதங்கள்மேற் கொண்ட காதலால் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். சுவிண்டன் நகரையடுத்த வெண்குதிரைப் பள்ளத்தாக்கிலே உலாவியபொழுது, வண்டிகளைப் பார்க்க வந்த அவருடைய கண், வைக்கோல் வேய்ந்த குடிசைகளிற் பதிந்துவிட்டது. அக்குடிசைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. பழைய கூரை கழற்றப்பட்டு மலிவான தகடுகள் ஏறின. சில அடியோடு இடிக்கப்பட்டன. அவற்றைத் தடுத்து நிறுத்த வெளிநாட்டிலிருந்து வந்த வறிய இளைஞரால் ஆவதென்ன? அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, குடிசை குடிசையாகச் சென்று, சுவரின் நீளம், சாளரத்தின் அகலம், செங்கல்லின் நிறம் என்று எழுதலானார். எழுதியதைக் கொண்டு நான்கு மில்லிமீற்றர்க் கணக்கிலே அவற்றை மீண்டும் கட்டினார். அட்டைச் சுவரிலே செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியே கீறி நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டது. வைக்கோலுக்கு ஈடாகத் தலைமயிர் பயன்பட்டது. அந்த அளவுக்குத் தக்க மென்மை வேறெதிலும் அமையவில்லை போலும்.

1954ஆம் ஆண்டு லோங் விற்றன்ஹாம் என்னும் சிற்றூரில், முன்னர் மதுச்சாலையாக இருந்த கட்டடத்திலே, பெண்டன் நூதனசாலை தொடங்கப்பட்டது. ஆர்வலர் பலர் ஊதியமின்றி வந்து சேர்ந்தனர். ஒரு பகுதியில் பொறியியலாளர் புறுணல் அமைத்த மரப்பாலங்களின் மாதிரி டாட்மூர் வெளியிலே நிற்கிறது. உண்மையான அப்பாலங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. மற்றப் பகுதியில், 1920களிலும் 30களிலும் இருந்தவாறு, வெண்குதிரைப் பள்ளத்தாக்கின் ஊர். ஏஹர்ன் 1961இல் மறைந்தபின் அவருடைய மாடர் பள்ளத்தாக்கும் இங்கேயே வந்து சேர்ந்தது.

ரோய் இங்கிலன்ட் 1995இல் காலமானார். ஊர் அப்போதும் நிறைவுறவில்லை. அவருக்குப்பின் வந்தோர் அதனைத் தொடர்ந்து கட்டினர். ஒரு குடிசை முடிய நூற்றுக்கணக்கான மணிநேரம் செல்லும். அவர் அளந்த வீடுகளுட் சில இன்று அந்நிலத்தில் இல்லை. அவற்றின் வாயிற்கதவு எந்நிறம், தோட்டத்தில் எந்தக் காய்கறி எத்தனை வரிசையாக நின்றது என்று அறிய விரும்புவோர், லோங் விற்றன்ஹாமுக்குச் சென்று மேசைமீது குனிந்து பார்க்கிறார்கள்.