கொள்ளைநோயும் ஊரடங்கும்: கோல் மார்க்கெட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்னெப்போதும் நிகழாத ஒன்றாக அது பேசப்பட்டது. பரப்பளவை நோக்க அக்கூற்று பொருந்தும்; முறைமையை நோக்கப் பொருந்தாது. நோயைத் தடுக்க மனிதரின் நடமாட்டத்தைத் தடுப்பது நெடிய மரபுடையது. அம்மரபில், அடைக்கப்பட்டோரின் உணவுக்கும் வாழ்வுக்கும் யார் பொறுப்பேற்றனர் என்பதைப் புதுதில்லியின் கோல் மார்க்கெட் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைப்பின் தொன்மை

1377ஆம் ஆண்டு ரகூசா நகர் (இன்றைய துப்ரோவ்னிக்), நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பின்னர் வெனிஸ் முதலிய துறைமுகங்களில் அது 40 நாளாயிற்று. இங்கிலாந்தின் ஈம் என்னும் சிற்றூர் 1665-66 பிளேக்கின்போது தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. அவ்வூராருக்கு வேண்டிய உணவுப்பொருள்களை வெளியார் ஊரெல்லையில் வைத்துச் சென்றனர்.

தமிழகத்தில் மாரியம்மன் விழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூரில் இரவு தங்கலாகாது என்னும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்படும். அதைக் கண்டோர் உட்செல்லத் தயங்குவர். அரசாணையின்றி ஊரே ஏற்ற கட்டுப்பாடுகள் இவை. நடமாட்டத்தைக் குறைக்கும் கூறு இவற்றில் இருத்தல் நோக்கத்தக்கது.

1897ஆம் ஆண்டுச் சட்டம்

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அதனை ஒட்டி 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. மிகச் சுருக்கமான இச்சட்டம் அரசுக்குச் சிறப்பு அதிகாரத்தையும், மீறுவோருக்குத் தண்டனையையும், அதிகாரிகளுக்குப் பாதுகாப்பையும் வகுத்தது. செலவையும், இழப்பீடு ஏதேனும் இருப்பின் அதனையும், யார் ஏற்பது என்பதை அரசே முடிவு செய்யலாம் என்றது. அடைக்கப்பட்டவரின் உணவும் கூலியும் உரிமையாகக் குறிக்கப்படவில்லை.

பூனாவில் படைவீரர் வீடு புகுந்து சோதனையிட்டனர். நோயாளரையும் அவர்தம் உறவினரையும் பிரித்துக் கொண்டுசென்றனர். மக்களின் சினம் பெருகியது. பிளேக் குழுவின் தலைவர் ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். பம்பாயில் 1898இலும் கான்பூரில் 1900இலும் கலவரங்கள் மூண்டன. இவற்றின் விளைவாக அரசு வன்முறையைத் தளர்த்த நேர்ந்தது. நோயைவிட நோய்த்தடுப்பை மக்கள் அஞ்சிய காலம் அது எனலாம்.

மண்டபம் முகாம்

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். இம்முகாமை இலங்கை அரசு நடத்தியது. அங்கே தங்குமிடமும் உணவும் கிடைத்தன. நோயற்ற உடல் தோட்டத்திற்குத் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். உழைப்பு தேவைப்பட்ட இடத்தில் சோறு கிடைத்தது என்பதை இதனால் உணரலாம்.

கோல் மார்க்கெட்

1921இல் எழுந்த வட்டச் சந்தையால் பெயர் பெற்ற கோல் மார்க்கெட், அரசு ஊழியர் குடியிருப்புகள் சூழ்ந்த பகுதியாகும். அலுவல் நிமித்தம் வந்த தமிழர் பலர் இங்கு வாழ்ந்தனர். அருகிலுள்ள மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பது இதற்குச் சான்று. மாத ஊதியம் பெறுவோர்க்கு ஊரடங்கு வீட்டுக்குள் இருத்தலாக அமைந்தது. நாட்கூலிகளுக்கோ அது உலை ஏறாமையாயிற்று. 2020 மார்ச் 28 அன்று அதே தில்லியின் கிழக்கெல்லையிலுள்ள ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில், சொந்த ஊர் செல்லப் பெருந்திரளானோர் கூடினர். பலர் நடந்தே சென்றனர். மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களின் அவலத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கோல் மார்க்கெட்டுக்கு அருகில் பங்களா சாகிப் குருத்வாரா உள்ளது. 1664இல் தில்லியில் கொள்ளைநோய் பரவியபோது எட்டாம் குரு ஹர்கிருஷண் இவ்விடத்தில் தங்கி, நோயுற்றோருக்குக் கிணற்று நீர் வழங்கினார் என்பது சீக்கிய மரபு. அவ்வாண்டிலேயே அவர் அம்மையால் மறைந்தார். 2020இல் அதே குருத்வாராவின் சமையற்கூடம் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு உணவு சமைத்து அனுப்பியது. சட்டம் கடமையாக விதிக்காததை அறம் செய்தது.

முடிவுரை

ஊரடங்கு நோய்ப்பரவலைத் தாமதப்படுத்தவல்லது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், ஈம் ஊரின் எல்லையில் வைக்கப்பட்ட உணவு, அடைப்பு நிலைக்க அடைக்கப்பட்டோர் உண்ண வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ஆனந்த் விகார் கூட்டம் அதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபோது மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குத் தண்டனை கூட்டப்பட்டது, அது வேண்டியதே. அடைக்கப்பட்டவரின் உணவோ அத்திருத்தத்திலும் உரிமையாக இடம்பெறவில்லை. கதவை அடைக்கும் அதிகாரத்தோடு அடுப்பு எரியச் செய்யும் கடமையும் சட்டத்தில் சேர வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.