கோலாட்டக் காசும் ஆண்டு விழாவும்

விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் கலையும். அதற்குமுன் உபாத்தியாயர் ஒவ்வொரு பையனிடமும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் விடிகாலையில் வந்ததும் அதை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். முதலில் வந்து சேர்பவனுக்கு 'வேத்தான்' என்ற பெருமை. பிந்தி வருபவனுக்குப் பிரம்பு. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் பிள்ளைப் பருவத்துப் பள்ளிக்கூடத்தை விவரமாக எழுதியிருக்கிறார். இன்றைய பள்ளிகளின் காலைப் 'பிரேயர்' எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டலாம்.

ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்லும் முறையும் பழையதுதான். அப்படிச் சொல்லிக்கொடுப்பவன் சட்டாம்பிள்ளை. 1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பையன்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் விடுதியில் வளர்த்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். சட்டாம்பிள்ளைக்கு மட்டும் எங்கும் சிலை இல்லை.

திண்ணைப் பள்ளிக்கு ஏப்ரல் பரீட்சை கிடையாது. அதன் ஆண்டு நவராத்திரியில் திரும்பியது. பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்து, கையில் கோலைக் கொடுத்து, உபாத்தியாயர் வீடு வீடாக அழைத்துப் போவார். வாசலில் கோலாட்டம், பாட்டு. வீட்டுக்காரர் தருகிற காசு உபாத்தியாயருக்கு. மாதச் சம்பளம் என்று நிலையாக ஒன்றும் இல்லாத, நெல்லும் காய்கறியும் வருவதே வரும்படியான அந்த மனிதருக்கு அதுதான் பெரிய அறுவடை. பையன் என்ன கற்றிருக்கிறான் என்பதைத் தெருவும் அன்று காதால் கேட்டுக்கொள்ளும். 'பாரம்பரியம்' என்று அதை யாரும் அழைக்கவில்லை. வயிற்றுப்பாடு என்றே எல்லோருக்கும் தெரியும். இத்தகைய பள்ளிகள் கொஞ்சமல்ல: ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி எடுத்த கணக்கில், 1826 வாக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும், பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் இடமில்லை. ஊர்வலத்தின் அழகைப் பேசுகிறவர்கள் வசதியாக மறப்பது இதை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கார் மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார்; தேறியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம். வருமானம் தெருவிலிருந்து சர்க்கார் கச்சேரிக்கு மாறியது, அவ்வளவுதான்.

அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் வேறொன்று நடந்திருந்தது. மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்தும் வந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிரசங்கம், வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல் என்று பாதிரிமார் கையாண்ட கருவிகளையெல்லாம் அவர் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஈழத்துத் தமிழ்ப் பள்ளிகளில் நவராத்திரி தோறும் சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா திண்ணைக் காலத்து வழக்கத்துக்கு நெருங்கிய உறவு.

இன்று தமிழகப் பள்ளி மைதானத்தில் காலைப் பிரேயரில் கேட்கும் வரிசைக்கு வயது அதிகமில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து பெ. சுந்தரம் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு 'மனோன்மணீய' நாடகத்திலிருந்து எடுத்தது; எம்.எஸ்.விசுவநாதன் மோகன ராகத்தில் இசையமைக்க, 1970இல் அரசு அதை ஏற்றது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும் ஆணை சொன்னது. 'இந்தியா எனது நாடு' என்று கை நீட்டிச் சொல்லும் உறுதிமொழியை 1962இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற அரசு அலுவலர். பிறகு ஒரு குறள், அதன் பொருள், செய்தி வாசிப்பு, கடைசியில் நாட்டுப்பண். குறளை ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தால், முன்வரிசையில் நிற்பவன் அடுத்த சீரை எடுத்துக் கொடுப்பான்.

ஆண்டு விழா என்றால் கோலாட்டம் இன்றும் உண்டு. பட்டுப் பாவாடையும் வேட்டியும் வாடகைக்கு வரும், பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், பெற்றோர் கைபேசியில் படம் பிடிப்பார்கள். பொன்னாடை சிறப்பு விருந்தினருக்கு. கோலாட்டம் சொல்லிக்கொடுத்த டீச்சர் மேடைக்குப் பின்னால், அடுத்த நடனத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்பார்.