விரிவுரை மண்டபத்திற்கு அப்பால்

பல்கலைக் கழகம் என்றதும் நூலகமும் விரிவுரை மண்டபமும் பட்டமளிப்பு விழாவுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. பால்மரம் சீவிப் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோர், "பாடத்தை மட்டும் பார், மற்றவை நமக்கு வேண்டா" என்று சொல்லி அனுப்புவது இயல்பே. ஆயினும், பாடத்திற்குப் புறம்பான மாணவ வாழ்வு வீண்பொழுதுதானா? இவ்வினாவிற்கு நம் மண்ணின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது.

ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் உதயமாயிற்று. பல ஊர்களையும் இனங்களையும் சேர்ந்த இளைஞர்கள் அங்கே ஒன்று கூடினர். மலாயா அப்போது விடுதலை பெறவில்லை. 1948இல் பிறப்பிக்கப்பட்ட அவசர காலச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. பிறக்கப் போகும் நாட்டின் குடிமக்கள் யாவர், அவர்தம் பொதுமொழி யாது என்னும் கேள்விகளுக்கு விடை பாடப் புத்தகத்தில் அகப்படக் கூடியதன்று. அதனை மாணவர்களே தேடப் புகுந்தனர்.

வரலாற்று அறிஞராகப் பின்னாளில் புகழ் பெற்ற வாங் கங்வூ, மாணவராயிருந்த 1950இல் ஆங்கிலக் கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றையும் கலந்து 'எங்மால்சின்' என்னும் புது நடையை உருவாக்கவும் அக்கால மாணவக் கவிஞர் முயன்றனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. எனினும் மலாயாவிற்கென ஓர் இலக்கியம் வேண்டும் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது.

1953 பிப்ரவரியில் பல்கலைக் கழகச் சோசலிச மன்றம் தோன்றிற்று. அதன் முதல் தலைவரும் வாங் கங்வூவே. மன்றம் 'ஃபஜார்' என்னும் ஏட்டை நடத்தியது. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு வைகறை என்பது பொருள். 1954 மே இதழில், ஆசியாவில் மேலைநாட்டு வல்லரசுகளின் படைக் கூட்டணிகளைக் கண்டித்து ஒரு தலையங்கம் வெளிவந்தது. அதற்காக எட்டு மாணவர்கள் கைதாகி, அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கறிஞர் டி. என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்டு மாதத்தில் எண்மரும் விடுதலை பெற்றனர்.

அந்த எண்மரின் பிற்கால வாழ்வு நோக்கத்தக்கது. எம். கே. ராஜகுமார் மருத்துவராகி, உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவர் பதவி வரை உயர்ந்தார். எட்வின் தம்பு சிங்கப்பூரின் முன்னணி ஆங்கிலக் கவிஞரானார். ஜேம்ஸ் புதுச்சேரி சிறையிலிருந்தபோது எழுதிய மலாயாப் பொருளாதார ஆய்வு 1960இல் நூலாயிற்று. நாட்டின் தொழிலும் வாணிபமும் எவர் உடைமை என்று ஆராய்ந்த நூல் அது.

மன்றமும் ஏடும் இவர்களுக்குத் தந்த பயிற்சி யாது? கருத்தை எழுத்தில் வடிப்பது, எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்பது, வேற்றினத்தாரோடு ஒரு பணியைப் பகிர்ந்து செய்வது, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பது ஆகியனவாம். எந்தத் தேர்வுத் தாளும் இவற்றை அளப்பதில்லை.

இப்பயிற்சிக்குச் சிலர் கொடுத்த விலை பெரிது. 1963 பிப்ரவரி 2ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்த கைது நடவடிக்கையில், எண்மருள் ஒருவரான பூ சூ காய் விசாரணையின்றிச் சிறைப்பட்டார். மலேசியாவில் 1971இல் வந்த பல்கலைக் கழகச் சட்டமும், அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் மாணவர் இயக்கங்களை இறுகக் கட்டின. 2012, 2018ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் அக்கட்டைச் சற்றுத் தளர்த்தின. ஆகவே பெற்றோரின் அச்சம் காரணமற்றது என்று தள்ளிவிட இயலாது.

மாணவர் எல்லாரும் அரசியல் மேடை ஏற வேண்டும் என்பதில்லை. நாடகம், விவாதம், விளையாட்டு, தமிழ் மன்றம், ஊர்த்தொண்டு என வழிகள் பல உள. பாடத்தைக் கைவிட்டு மன்றத்தில் திரிவது பேதைமை. மன்றத்தின் வாசலையே மிதியாது பட்டத்தோடு மட்டும் திரும்புவது பாதிக் கல்வி. பிள்ளையைப் பல்கலைக் கழகத்திற்கு வழியனுப்பும் பெற்றோர், "நன்றாகப் படி" என்பதோடு "நாலு பேரோடு பழகு" என்றும் சொல்லி அனுப்புவாராக.