வீட்டுப் பள்ளிக்கூடம்

சூலூரிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து சேர்ந்தான். அவன் மகளுக்கு 14 வயது முடிந்துவிட்டது. இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்கிறாளாம். காகிதங்களில் நாலைந்து விதமான பாடத்திட்டங்கள். ஆன்லைன் வகுப்பு நடத்துகிறவர்களின் விளம்பரங்கள் வேறு. "ஏனுங்கண்ணா, இதுல எதைப் புடிக்கிறதுங்க?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சூலூர்க்காரன் இந்தக் கேள்விக்காக என்னைத் தேடி வருவானேன்? பக்கத்திலேயே கலங்கல் கிராமம் இருக்கிறதே! அங்கேதான் 1893-ல் ஜி. டி. நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஆரம்பப் படிப்போடு சரி. பிறகு கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தாமே படித்தார். இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு, கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த 'ரட்ஜ்' வண்டியையே விலைக்கு வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. வாங்கியவர் ஓட்டித் திரிந்தாரா? கழற்றினார், மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய உயர்நிலைப் பள்ளி. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓட்ட ஆரம்பித்தார். அது பெருங் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகையால் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று முடித்துவிடுகிற பேச்சாளர்கள் நம் ஊரில் அநேகர். அவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அதே மனிதர்தான் 1945-ல் கோயமுத்தூரில் பொறியியல் கல்லூரி தோன்றப் பணமும் உழைப்பும் கொடுத்தார். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதற்குத் தலைமையும் ஏற்றார். ஏற்றவர் ஒரு சண்டையும் போட்டார். 4 வருஷப் படிப்பு காலவிரயம், 2 வருஷம் தாராளம் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. நாயுடு விலகிவிட்டார். படிப்பே கூடாதென்று அவர் சொல்லவில்லை. படிப்பில் பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என்று முறத்தில் போட்டுப் புடைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்பாகப் பூட்டினால் எஞ்சின் கிளம்பாது. வாத்தியார் இல்லாத குறையை எஞ்சின் தீர்த்து வைத்தது. கணினித் திரையில் ஓடும் பாடத்துக்கு அந்தக் குணம் கிடையாது. பிள்ளை தூங்கினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வீட்டுக்கு வீடு இதைக் கண்டோம். கையும் மூளையும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய வித்தியாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. ராட்டையும் தோட்டமும் அங்கே பாடத்தின் பகுதிகள்.

இத்தனையும் தம்பிக்குச் சொன்னேன். பெண்ணை நேரில் பார்த்துவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே சூலூருக்குப் போனேன். அங்கே எதிர்க்கட்சி சின்னம்மாதான். திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஊட்டுல இருந்து படிக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் சாமி. வயசுக்கு வந்ததும் என்னைய நிறுத்துனாங்க. ஊட்டுலயே படிக்கலாம்னுதான் எங்கப்பனும் சொன்னாரு. பொறவு ஸ்லேட்டத் தொடவே உடலை" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். நாயுடுவின் கதை ஆண்பிள்ளையின் கதை என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஓட்டலில் வேலை செய்து வண்டி வாங்க, கலங்கலில் அன்று ஒரு பெண்ணை விட்டிருப்பார்களா? கோயமுத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல்தான் வந்தது. சின்னம்மாவின் காலத்தில் அங்கே போய்ச் சேருகிற பெண்கள் எத்தனை பேர்?

அதற்குப் பிறகுதான் காகிதக் கட்டை ஒழுங்காகப் பிரித்தேன். வெளிநாட்டுத் திட்டங்களைச் செலவை உத்தேசித்து ஒதுக்கினோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தாள் நியாயமாகப் பட்டது. 1979-ல் சிறு முயற்சியாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமானது அது. பத்தாம் வகுப்புக்கு 5 பாடங்கள். அதில் ஒரு மொழியாவது வேண்டும். தமிழ் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. 5 வருஷத்துக்குள் 9 வாய்ப்பு உண்டு. ஆனால் அவள் சேர நினைக்கும் கல்லூரியில், இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். ஆன்லைன் வகுப்பைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றதை வாசித்தே படிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பெண் அரைமனதாகத் தலையை ஆட்டினாள். தோட்டத்துப் பம்ப்செட் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டாள். தம்பி முழித்தான்.

சின்னம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பரிச்சை எப்போ?"

"ஏப்ரல்லியும் அக்டோபர்லியும் வருமுங்க ஆத்தா" என்றாள் பெண்.

"செவுத்துல எழுதி வெய்யி. நானே பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வர்றேன்."