வெளிச்சம் யாருக்காக அளக்கப்பட்டது?

தோழர்களே, கேமரா நம் கைக்கு வந்தது அண்மையில்தான். ஆனால் நம்மை அது படமெடுக்கத் தொடங்கி நூறாண்டு தாண்டிவிட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கை அளந்தார். சாதிக்கு ஒரு மாதிரி என்று படமும் போட்டார். பல படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர்தான் இருக்கிறது.

பிறகு வந்த சினிமா கேமராவைத் தொடப் பணம் வேண்டும். 35 எம்.எம். பிலிமில் 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எடுத்தது சரியா என்று அறிய லேபில் கழுவிப் பார்க்க வேண்டும். தவறு செய்து கற்க வழியே இல்லை. யாராவது ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராகச் சேர, அறிமுகமும் சென்னையில் தங்க வசதியும் தேவைப்பட்டன. அந்த இரண்டும் சேரிப் பிள்ளைகளுக்கு எட்டாதவை.

பிலிமுக்குள்ளேயே இன்னொரு பாகுபாடும் இருந்தது. கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பு முகங்கள் இருட்டில் கரைந்தன. சாக்லேட், மரச்சாமான் நிறுவனங்கள் தங்கள் பொருட்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகே பிலிம் மேம்பட்டது என்பதை ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார்.

2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, ஸ்டில் கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ எடுக்க வழி திறந்தது. இன்று செல்போனே போதும். தவறு செய்தால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஆனாலும் பழைய அளவுகோல் முழுதாக ஒழியவில்லை. ஆட்டோவில் விட்டால் கேமரா காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன் கருத்த முகத்தை நிறுத்தினால், சுவருக்காக வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைப் பலி கொடுக்கும்.

நிறம் சாதியைச் சொல்லாது. ஆனால் நாம் எடுக்கப்போகும் முகங்கள் வெயிலில் உழைத்துக் கருத்தவை. ஆகவே முதல் பாடம் இதுதான்: திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். டிஜிட்டலில் வெளுத்துப்போன வானம் திரும்பி வராது; அதனால் வானத்தை விட்டுவிட்டு மலையைப் பின்னணியாக வையுங்கள். கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குள் இலை வழி வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை பூசும். ஆளைப் பந்தல் ஓரத்துக்கு அழைத்து வாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட் மினுக்காது. மேற்கே மலை நிற்பதால் பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் மறையும். மாலைப் பேட்டியை முன்கூட்டியே தொடங்குங்கள். முகத்தை வெளுப்பாக்கும் பில்டரை அணைத்துவிடுங்கள்.

பாடப்புத்தகம் வேண்டுமென்றால் லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் பாருங்கள். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். ஏலக்காய் மூட்டை சுமக்கும் நிலமற்ற ரங்கசாமி, கடைசியில் தான் இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறார். மலை அழகாக இருக்கிறது; ஆனால் மனிதரை அது விழுங்கவில்லை. அவரே பின்னர் மாரி செல்வராஜின் 'கர்ணன்', 'மாமன்னன்', 'வாழை' படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்தார்.

தர்ஸ்டனின் படங்களில் இருப்பவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். நாம் கேட்போம். எடுத்த பிறகு அவர்களிடமே முதலில் போட்டுக் காட்டுவோம். படத்தின் கீழே, அவர்கள் சம்மதித்தால், பெயரை எழுதுவோம். சாதிக்கு மாதிரியாக நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கேமரா பிடிக்கும்போது, அந்தப் பழக்கமாவது மாற வேண்டும்.

ஜெய் பீம்.