பாலில் கலப்படம்: எளிய சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்

குழந்தைகளுக்கும் நோயாளர்களுக்கும் முதியோருக்கும் பால் முதன்மையான உணவாகும். ஆதலால் பாலில் செய்யப்படும் கலப்படம் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரையே முதலில் தாக்குகின்றது. வீட்டிலும் பால் சேகரிக்கும் நிலையங்களிலும் குறைந்த செலவில் செய்யக்கூடிய சில சோதனைகளை அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

பாலில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது நீரே. பசுப்பாலின் அடர்த்தி பொதுவாக நீரைப் போல் 1.028 முதல் 1.032 மடங்கு வரை இருக்கும். நீர் சேர்ந்தால் அது குறைந்து, பால்மானி ஆழமாக அமிழும். ஆயினும் கொழுப்பை அகற்றினால் அடர்த்தி கூடும். எனவே ஆடையை எடுத்துவிட்டு அளவாக நீர் சேர்ப்பவர் பால்மானியை ஏமாற்றிவிடலாம். மாவும் சீனியும் சேர்க்கப்படுவதற்கும் இதுவே காரணம்.

மாவைக் கண்டறிய, சிறிதளவு பாலைக் காய்ச்சி ஆறவைத்து 2 அல்லது 3 துளி அயடீன் கரைசலை இட வேண்டும். நீலநிறம் தோன்றினால் மாப்பொருள் உண்டு. சம அளவு நீருடன் பாலைக் குலுக்கும்போது தடித்த நுரை எழுந்து நிலைத்தால் சலவைத்தூள் கலந்திருக்கலாம். சுத்தமான பாலில் மெல்லிய நுரையே தோன்றும். யூரியாவை அறிய, 5 மில்லிலீற்றர் பாலில் அரைத் தேக்கரண்டி சோயா அவரைத் தூளைக் கலந்து, 5 நிமிடங்களின் பின் சிவப்புப் பாசிச்சாயத்தாளைத் தோய்க்க வேண்டும். சோயாவிலுள்ள நொதியம் யூரியாவை அமோனியாவாக மாற்றுவதால் தாள் நீலமாகும். சோதித்த பாலை அருந்தலாகாது.

ஒவ்வொரு சோதனையும் ஒரு வினாவுக்கே விடை தரும். ஆய்வுகூடங்களும் இதற்கு விலக்கல்ல. நைதரசனை அளந்தே பாலின் புரதம் கணிக்கப்பட்டு வந்தது. நைதரசன் மிகுந்த மெலமைனை நீர் கலந்த பாலில் சேர்த்து அச்சோதனையை ஏமாற்றியதன் விளைவாக, 2008ஆம் ஆண்டில் சீனாவில் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 6 குழந்தைகள் உயிரிழந்தனர். மெலமைனை மேற்கூறிய எளிய சோதனைகள் எதுவும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே வீட்டுச் சோதனை சந்தேகத்தை எழுப்புவதற்கேயன்றித் தீர்ப்பு வழங்குவதற்கன்று. ஐயம் எழுந்தால் மீதிப் பாலைக் குளிரூட்டியில் வைத்து, பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடன் அறிவித்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரிகளைப் பெற்று ஆய்வுக்கு அனுப்ப வழியுண்டு. நுகர்வோர் விழிப்புடன் முறையிட்டாலன்றிச் சட்டம் ஏட்டிலேயே தங்கிவிடும்.